எருமையில் இல்லையாம், எலியிலும் இல்லையாம்: நிர்ப்பீடன மரபணுக்களை ஒப்பிடும்போது வரும் பிழைகள்

2020இல் இலங்கையின் வடக்கில் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பிய வைரசு நோய் வந்த நேரம். முத்தையன்கட்டுப் பக்கம் பட்டி வைத்திருக்கும் பெரியப்பா கேட்டார்: "தம்பி, பசுவுக்கு வந்த அளவுக்கு எருமைக்கு வரேல்லை. ரண்டும் ஒரே குளத்திலதான் தண்ணி குடிக்குது. ஒரே நுளம்புதான் ரண்டையும் கடிக்குது. ஏன் அப்பிடி?"

"பாத்துச் சொல்லுறன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பசு, எருமை, ஆடு, மனிதன், எலி, வௌவால் என ஆறு முலையூட்டிகளின் நிர்ப்பீடன மரபணுக்களை இறக்கி ஒரு அட்டவணை போட்டால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பது என் கணக்கு. தெரிந்தது, நிறையவே தெரிந்தது. அதில் முக்கால்வாசி நான் செய்த பிழை.

பிறகு என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளும் அதே பள்ளங்களில் வரிசையாக விழுந்தபடியால் இதை எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்த அறிகுறிக்கு நேரே போங்கள். முதலாவதை மட்டும் எல்லாரும் வாசித்துவிடுங்கள்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லவேண்டும். சைற்றோகுரோம் சி போன்ற ஒரு மரபணு ஏதோ ஒரு முலையூட்டியில் காணாமல் போயிருந்தால், யோசிக்காமல் "கருவியில் பிழை" என்று சொல்லிவிடலாம். அது இல்லாமல் அந்த விலங்கு மூச்சே விடாது. நிர்ப்பீடன மரபணுக்களில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கிருமி மாற மாற இவையும் மாறவேண்டும். அதனால் இவை இரட்டிக்கும், உடையும், சில இனங்களில் அடியோடு தொலையும். கருவியின் பிழையும் இயற்கையின் உண்மையும் இங்கே ஒரே முகத்தோடு வந்து நிற்கும். அதுதான் இந்த வேலையின் தலையிடி.

அறிகுறி: ஓர் இனத்துக்கு நேரே "இல்லை" என்று விழுகிறது

ஒரு பிள்ளை அட்டவணையோடு வந்தாள். "சேர், ஐஎல்8 பசுவில இருக்கு, மனிசரில இருக்கு. எருமையில இல்லை, எலியிலயும் இல்லை." காயப்பட்ட இடத்துக்கு நடுநிலைநாடிகளை, அதாவது முதலில் ஓடிவரும் வெண்குழியங்களை, கூப்பிடும் புரதம் இது. ஒரே வரியில் இரண்டு "இல்லை". ஒன்று பொய், மற்றது மெய். இரண்டையும் பிரித்தெடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற எந்த மரபணுவுக்கும் இதே நடைதான்.

முதலில் பெயர். ஐஎல்8 என்பது பழைய பெயர். அதிகாரபூர்வப் பெயர் சிஎக்ஸ்சிஎல்8. பழைய கட்டுரை ஒன்றில் இருந்து பட்டியலை எடுத்து, அந்தப் பெயரையே எல்லா இனத்திலும் தேடியிருந்தாள். பசுவின் பதிவில் பழைய பெயரும் கூடவே இருந்தபடியால் அகப்பட்டது. எருமையில் புதிய பெயர் மட்டும். பெயரை வைத்துத் தேடுவது சந்தையில் "ராசா" என்று கூப்பிடுவது போல. பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், உங்களுக்கு வேண்டிய ஆள் வேறு பெயரில் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்தது எழுத்துவரிசை. பசுவின் சிஎக்ஸ்சிஎல்8 புரதத்தை எடுத்து எருமையின் முழு ஜீனோமில், அதாவது அதன் முழு டி.என்.ஏ. எழுத்துவரிசையில், டிபிளாஸ்ட்என் (புரதத்தைக் கொண்டு டி.என்.ஏ.யில் தேடும் கருவி) ஓட்டச் சொன்னேன். எருமையின் புரதப் பட்டியலில் அல்ல, ஜீனோமில். பட்டியல் யாரோ, அல்லது ஏதோ மென்பொருள், குறித்து வைத்தது, அதில் விடுபடலாம். கிட்டத்து உறவான இனத்தின் புரதத்தைக் கொண்டு தேடுவதும் முக்கியம்: எருமைக்குப் பசு, எலிக்கு மற்ற எலியினங்கள். எருமையில் உடனே விழுந்தது. பொய் அம்பலம்.

எலியிலும் ஏதோ விழுந்தது! "சேர், எலியிலயும் இருக்கு!" என்று துள்ளினாள். இதுதான் இரண்டாவது பள்ளம். இந்தக் குடும்பத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரிப் பல மரபணுக்கள் உண்டு. ஆள் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட தம்பி கதவைத் திறப்பான். ஆகவே போன வழியாலேயே திரும்பி வரவேண்டும். எலியில் அகப்பட்டதை எடுத்து மனிதனில் தேடினால், அது சிஎக்ஸ்சிஎல்8க்குத் திரும்பவில்லை, சிஎக்ஸ்சிஎல்1 பக்கம் போய் நின்றது.

இனி அயலட்டை. மீள்குடியேறி வந்தபோது எங்கள் காணியை நாங்கள் வீட்டை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, வீடு இருக்கவில்லை. கிணற்றுக்கட்டு, மேற்கு எல்லையில் நின்ற இரண்டு பனை, பக்கத்துக் காணிக்காரர் தங்கள் இடத்தை அடையாளம் கண்டது, இவற்றை வைத்துத்தான் "இதுதான் நம்மடை" என்றோம். மரபணுவுக்கும் அதே கதை. மனிதனின் 4ஆம் நிறமூர்த்தத்தில் அல்புமின், ஏஎஃப்பி, ஏஎஃப்எம், ஆர்ஏஎஸ்எஸ்எஃப்6 என்று வரிசையாக வந்து அதற்குப் பக்கத்தில் சிஎக்ஸ்சிஎல்8 இருக்கிறது. எலியில் அதே வரிசை 5ஆம் நிறமூர்த்தத்தில் குலையாமல் இருக்கிறது. அயலட்டை முழுவதும் இருக்க, இந்தக் காணி மட்டும் இல்லை. எலியிலும் பெரிய எலியிலும் சிஎக்ஸ்சிஎல்8 உண்மையாகவே இல்லை. அந்த வேலையை அதன் உறவுகள் செய்கின்றன.

கடைசியாக அந்த இடத்தில் "என்" எழுத்துகள் தொடராக இருக்கின்றனவா என்று பாருங்கள். "என்" என்றால் அங்கே என்ன எழுத்து என்று தெரியாது என்று பொருள். சிறு துண்டுகளை ஒட்டிச் செய்த பழைய தொகுப்புகளில், ஒரே மாதிரி மரபணுக்கள் அருகருகே இருக்கும் இடங்கள்தான் முதலில் கிழியும். ஆட்டுக்கு 2017இலும் எருமைக்கு 2019இலும் நீண்ட வாசிப்புகளைக் கொண்டு நல்ல தொகுப்புகள் வெளிவந்துவிட்டன. அதற்கு முந்தியதை வைத்துக்கொண்டு "எருமையில் இல்லை" என்று எழுதுவது வீண் வேலை.

நான் இப்போது அட்டவணையில் "இல்லை" என்ற சொல்லையே விடுவதில்லை. மூன்றில் ஒன்றை எழுதச் சொல்வேன்: (1) தேடி அகப்படவில்லை; (2) அயல் உண்டு, நடுவில் ஓட்டை; (3) அயல் உண்டு, நடு முழுமை, மரபணு மட்டும் இல்லை. மூன்றாவதுதான் செய்தி.

மெய்யான இழப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. கிருமியின் பொதுவான அடையாளங்களைப் பிடிக்கும் டோல் போன்ற வாங்கிகள் மனிதனில் 10, எலியில் 12. எலியில் 11, 12, 13 வேலை செய்கின்றன, 10 மட்டும் ரெட்ரோவைரசு ஒன்று இடையில் புகுந்து உடைந்து கிடக்கிறது. மனிதனில் 10 நன்றாக இருக்க, 11 சிதைந்த எச்சமாக நிற்கிறது. வைரசின் ஆர்.என்.ஏ.யை மோப்பம் பிடிக்கும் எம்டிஏ5 மலாயா, சீன அழுங்குகளில் இல்லை. (நம் காட்டில் இருப்பது அதே குடும்பத்தின் இந்திய இனம்.) கலத்துக்குள் வேண்டாத இடத்தில் டி.என்.ஏ. கிடந்தால் குரல் கொடுக்கும் பிஒய்எச்ஐஎன் குடும்பம் வௌவால்களில் முழுதாகவே தொலைந்துவிட்டது. இவையெல்லாம் அயலட்டை பார்த்து உறுதி செய்யப்பட்டவை.

அறிகுறி: பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள் சேர்ந்தே காணாமல் போகின்றன

இது என் சொந்தக் கூத்து. பசுவில் டிஎல்ஆர்7, டிஎல்ஆர்8 (டிஎல்ஆர் என்பது டோல் போன்ற வாங்கியின் சுருக்கம்) இரண்டும் இல்லை என்று வந்தது. ஆர்.என்.ஏ. வைரசைப் பிடிக்கும் வாங்கிகள் இரண்டும் பசுவில் இல்லையாம்! இரவோடு இரவாக அரைப் பக்கம் எழுதிவிட்டேன். விடிய எழும்பித்தான் யோசித்தேன்: பசுவில் டோல் வாங்கிகள் பத்தும் உண்டு என்பது எப்போதோ தெரிந்த விடயமாயிற்றே.

நடந்தது என்னவென்றால், பசுவின் ஜீனோம் ஏறக்குறைய 270 கோடி எழுத்து. அதைக் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், லப்டொப்பும் சார்ஜ் இல்லாமல் நின்று, கோப்பு பாதியில் வெட்டுப்பட்டுவிட்டது. கோப்பில் 1 முதல் 29 வரை நிறமூர்த்தங்கள் வரிசையாக வந்து, எக்ஸ் அதற்குப் பிறகுதான் வரும். டிஎல்ஆர்7உம் 8உம் எக்ஸில் அருகருகே இருப்பவை. வெட்டுப்பட்ட வாலோடு இரண்டும் போய்விட்டன.

இரண்டு மூன்று அயல் மரபணுக்கள் ஒன்றாகத் தொலைந்தால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள். விரிக்கும்போது "எதிர்பாராத முடிவு" என்ற எச்சரிக்கை வந்திருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். தளத்தில் கொடுத்திருக்கும் எம்டி5 எண்ணோடு (கோப்பு முழுமையா என்று காட்டும் கைரேகை போன்ற எண்) உங்கள் கோப்பின் எண்ணை ஒத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து மரபணுக்கள்தான் வேலை என்றால் ஜீனோமை இறக்கவே வேண்டாம். என்சிபிஐ என்ற அமெரிக்க மரபணுத் தரவு நிலையத்தின் பிளாஸ்ட் தேடலை இணையத்திலேயே ஓட்டலாம். டேட்டா மிச்சம், கரண்ட் போனாலும் தேடல் அவர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். தேடல் எண்ணை மட்டும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

அறிகுறி: நிறமூர்த்த எண்கள் ஒத்து வரவில்லை

பிழை அல்ல. பசுவுக்கு 30 சோடி நிறமூர்த்தம், ஆற்றெருமைக்கு 25 சோடி. பசுவின் பத்து நிறமூர்த்தங்கள் எருமையில் இரண்டிரண்டாக ஒட்டி ஐந்தாகி இருக்கின்றன. பசுவின் 23இல் இருக்கும் எம்எச்சி பகுதி (கிருமித் துண்டுகளை நிர்ப்பீடனக் கலங்களுக்குக் காட்டும் புரதங்களின் மரபணுக்கள் உள்ள இடம்) எருமையின் 2இல் இருப்பது அதனால்தான்.

அறிகுறி: பரம்பரை மரத்தில் பசுவின் டிஎல்ஆர்1, பசுவின் டிஎல்ஆர்6ஓடு ஒட்டிக்கொள்கிறது

எதிர்பார்ப்பது வேறு. எல்லா இனத்தின் டிஎல்ஆர்1உம் ஒரு கிளையில், எல்லா இனத்தின் டிஎல்ஆர்6உம் இன்னொரு கிளையில் வரவேண்டும். வருவதோ இனம் இனமாக. பிள்ளைகள் உடனே "ஒவ்வொரு இனத்திலும் தனித்தனியாக இரட்டித்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சரியில்லை.

டிஎல்ஆர்1, 6, 10 மூன்றும் மனிதனின் 4ஆம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்த வீடுகள். இப்படி ஒட்டியிருக்கும் ஒரே சாயல் மரபணுக்களுக்கு இடையில் எழுத்துத் துண்டுகள் ஒன்றில் இருந்து மற்றதுக்குப் படியெடுக்கப்படுவது உண்டு. வேலி வழியாக அகப்பை கைமாறுகிற மாதிரி. டிஎல்ஆர்1க்கும் 6க்கும் இடையில் இது வெவ்வேறு முலையூட்டிகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. பெரும்பாலும் பின்பகுதியில், அதாவது கலத்துக்கு உள்ளே செய்தி கடத்தும் துண்டில். கிருமியைத் தொடும் வெளிப்பகுதி தன் பழைய சாயலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆகவே அலைன்மென்டை, அதாவது எழுத்துவரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி வைத்ததை, இரண்டாக வெட்டுங்கள். வெளிப்பகுதிக்கு ஒரு மரம், உட்பகுதிக்கு ஒரு மரம். வெளிப்பகுதி மரத்தில் 1 ஒரு பக்கம், 6 ஒரு பக்கம் என்று பிரிந்து, உட்பகுதி மரத்தில் மட்டும் இனவாரியாகக் குவிந்தால் விடை கையில். எங்கே வெட்டுவது என்று கண்மதிப்பில் விளங்காவிட்டால் ஹைஃபை பொதியில் உள்ள கார்ட் என்ற கருவி முறிவிடங்களைக் காட்டும். முழு நீளத்துக்கும் ஒரே மரம் போட்டு, அந்த மரத்தை வைத்து மேலே கணக்குப் போட்டால் பின்னால் வரும் எல்லாமே கோணல்.

அறிகுறி: எந்த மரபணுவுக்கு எது சோடி என்றே தெரியவில்லை, படிகளும் கூடிப்போச்சு

எம்எச்சி பகுதிக்குள் கால் வைத்துவிட்டீர்கள். மனிதனின் எம்எச்சி வகை ஒன்று மரபணுவான எச்எல்ஏ-ஏக்கு மாட்டில் நேர்ச்சோடி எது என்று தேடவே வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. வகை ஒன்று மரபணுக்கள் அந்தந்தப் பரம்பரையில் தனித்தனியாகப் பெருகியவை. மாட்டுக்கு மாடு எத்தனை இருக்கிறது என்பதே மாறும். வகை இரண்டில், அசைபோடும் விலங்குகளில் டிபி மரபணுக்கள் இல்லை, பதிலாக டிஒய் என்ற இரண்டு உண்டு, அவை நம்மிடம் இல்லை. மாட்டின் வகை இரண்டு பகுதி, நிறமூர்த்தத் துண்டு ஒன்று எப்போதோ தலைகீழாகத் திரும்பியதால், இரண்டாகப் பிளந்து தூரத் தூரக் கிடக்கிறது. அயலட்டை பார்க்கும் வித்தையும் இங்கே பாதிதான் செல்லும்.

படி கூடினால் கேட்கவேண்டிய கேள்வி: இது இரண்டு மரபணுவா, அல்லது ஒரே மரபணுவின் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியுமா? எம்எச்சியில் இரண்டு படிகளும் அவ்வளவு வேறுபடுவதால் தொகுக்கும் மென்பொருள் அவற்றைத் தனித்தனி மரபணுவாக வைத்துவிடும். அந்த இடத்தில் துண்டு வாசிப்புகளின் ஆழத்தைப் பாருங்கள். மற்ற இடங்களில் இருப்பதில் பாதிதான் என்றால், ஒன்றை இரண்டாக எண்ணிவிட்டீர்கள்.

இயற்கைக்கொல்லிக் கலங்களின் வாங்கிகளிலும் இதே சிக்கல். மனிதனில் கேஐஆர் குடும்பம் பெருகியிருக்கிறது, எலியில் எல்ஒய்49 பெருகியிருக்கிறது. வேலை ஒன்று, ஆட்கள் வேறு குடும்பம். ஒன்றை மற்றதோடு அலைன்மென்ட் செய்வதில் பயன் இல்லை. இந்த இடங்களில் "சோடி சோடியாக" ஒப்பிடுவதைக் கைவிட்டு, குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்பதுதான் நேர்மை. முதல் ஆய்வுக்கு இந்தப் பகுதியை எடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டோல் வாங்கிகளில் கை பழகிய பிறகு வாருங்கள்.

அறிகுறி: நடுவழியில் நிறுத்தற் கோடோன்

நிறுத்தற் கோடோன் என்றால் புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து. முதலில் சட்டகம். எழுத்து எண்ணிக்கை மூன்றால் பிரிகிறதா? ஒரு எழுத்து தவறினால் அதற்குப் பிறகு வரும் முழுவதும் குப்பை. ஒன்றல்ல, நிறுத்தங்கள் பல வரும். ஒன்றே ஒன்று வந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் வேறு கதை. துண்டு வாசிப்புகளைப் பாருங்கள், வாசிப்புப் பிழையா என்று தெரியும்.

பிழை இல்லை, உண்மையாகவே நிறுத்தம் என்று வந்தாலும் "இந்த இனத்தில் மரபணு செத்துவிட்டது" என்று எழுதாதீர்கள். மனிதனின் டிஎல்ஆர்5இல் 392ஆவது இடத்தில் நிறுத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோரில் அதே மரபணு முழுமை. அப்படி ஒருவருடைய ஜீனோம் மட்டும் கையில் இருந்திருந்தால் மனித இனத்துக்கே டிஎல்ஆர்5 இல்லை என்று எழுதியிருப்போம். ஒரு விலங்கு ஓர் இனம் ஆகாது.

அறிகுறி: ஒமேகா 999

பாம்ல் பொதியின் கோட்எம்எல், அதாவது மரபணுவில் இயற்கைத் தெரிவு நடந்ததா என்று கணக்கிடும் கருவி, இந்த எண்ணைக் காட்டினால் மகிழவேண்டாம். புரதத்தை மாற்றும் மாற்றங்களை, மாற்றாத மாற்றங்களால் பிரிப்பதுதான் ஒமேகா. கீழே பூச்சியம் வந்தால் மேலே என்ன இருந்தாலும் வானத்துக்கு ஏறும். 999 அந்தக் கருவியின் உச்சவரம்பு. பசுவும் எருமையும் நெருங்கிய உறவு, சிறிய மரபணுவில் புரதத்தை மாற்றாத மாற்றம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். இரண்டே இனத்தை வைத்துத் தெரிவு நடந்ததா என்று கேட்கக்கூடாது. பத்துப் பதினைந்து முலையூட்டிகளாவது சேருங்கள்.

999 இல்லாமல், சில இடங்களில் மட்டும் பலமான தெரிவு என்று வந்தால் அந்த இடங்களை அலைன்மென்டில் கண்ணால் பாருங்கள். எனக்கு ஒருமுறை எட்டு இடம் வந்தது. எட்டும் அடுத்தடுத்து, எட்டும் ஆட்டில் மட்டும். ஆட்டுக்கு வேறு டிரான்ஸ்கிரிப்ட் (அதே மரபணுவின் துண்டுகளை வேறு விதமாக ஒட்டிய வடிவம்) ஒன்றை இறக்கியிருந்தேன். கடைசி எக்சன், அதாவது கடைசித் துண்டு, வேறு, அதை மென்பொருள் இழுத்துப் பிடித்து மற்றவற்றோடு பொருத்தியிருந்தது. மெய்யான தெரிவு இப்படி ஒரே இனத்தில் கும்பலாகக் குந்தியிருப்பது அரிது. டோல் வாங்கி என்றால் கிருமியைத் தொடும் வெளிப்பகுதியில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கோடோன் கோடோனாக அலைன்மென்ட் செய்யுங்கள். பிராங்க் என்ற அலைன்மென்ட் மென்பொருள் மெதுவாக ஓடும், ஆனால் பொய்யான தெரிவுகளை மற்றவற்றைவிடக் குறைவாகத் தரும். இரவு ஓடவிட்டுப் படுங்கள்.

அறிகுறி: பட்டியலில் மரபணுவுக்குப் பதில் திகதி

எக்செல். மார்ச்1 என்ற மரபணுவைப் பார்த்து அது "மார்ச் 1" என்று மாற்றிவிட்டது. எம்எச்சி வகை இரண்டோடு தொடர்பான மரபணு என்பதால் நம் பட்டியலில் கட்டாயம் இருக்கும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020 அளவில் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள். பழைய பட்டியல் என்றால், திறப்பதற்கு முன் அந்த நிரலை வெறும் எழுத்து என்று குறித்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, பெரியப்பாவுக்குச் சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை

அட்டவணையில் "பசு" என்று ஒரு நிரல் இருக்கிறதே, அது யார்? அமெரிக்காவின் மொன்ரானாவில் வளர்ந்த டொமினெட் என்ற ஹெரிஃபோர்ட் பசு. அவளுடைய ஜீனோம் வெளியானது 2009 ஏப்ரலில். அந்த மாதம் வன்னியில் மாடும் மனிதரும் எப்படி இருந்தார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. நம் பட்டியில் நிற்பது திமில் உள்ள நாட்டு மாடு, அல்லது கலப்பு. டொமினெட்டுக்கும் எருமைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி முத்தையன்கட்டு மாட்டின் நோயை விளக்க முடியாது. குறைந்தபட்சம் பிரம்மன் மாட்டின் ஜீனோமையாவது சேருங்கள். திமில் உள்ள இனம், தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது.

எழுத்து வேறுபாடு இருக்கிறது என்பதில் இருந்து நோய் வராது என்பதற்குத் தாவவும் முடியாது. கட்டி நோயின் வைரசு டி.என்.ஏ. வைரசு. என் அட்டவணையில் பாதி ஆர்.என்.ஏ. வைரசைப் பிடிக்கும் வாங்கிகள். கேள்விக்குப் பொருத்தமான மரபணுக்களைத்தான் எடுத்தேனா என்று முதலிலேயே பார்த்திருக்கவேண்டும்.

இதையெல்லாம் ஒருநாள் பட்டியடியில் குந்தியிருந்து பெரியப்பாவுக்குச் சொன்னேன். டொமினெட்டின் கதையை இரண்டு தரம் கேட்டுச் சிரித்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். எருமைகள் மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய, சேற்றுக்குள் கிடந்தன.

"அது சரி தம்பி. நான் உன்னட்டச் சொன்னது பிழை போல கிடக்கு. பொழுது முழுக்க சேத்துக்குள்ள கிடக்கிறதை நுளம்பு எங்க போய்க் கடிக்கிறது?"